வளர்த்த கிளப்பால் ஏன் வைத்துக்கொள்ள முடிவதில்லை? ரக்பி லீக்கும் இளம் வீரர்களும்

மேற்கு சிட்னிக்குக் குடிவந்து சில ஆண்டுகளே ஆன ஒருவர் கேட்ட கேள்வி இது: “எங்கள் வட்டாரத்தில் ரக்பி லீக் ஆடும் பையன்களில் நல்லவர்கள் என்று பேர் எடுப்பவர்கள் எல்லாம் இருபது, இருபத்திரண்டு வயதுக்குள் வேறு கிளப்புக்குப் போய்விடுகிறார்கள். எல்லா அணிக்கும் ஒரே சம்பள வரம்பு என்கிறார்கள், பிறகு ஏன் இப்படி நடக்கிறது? கிளப்புகளுக்குத் திறமை இல்லையா, அல்லது பையன்களுக்கு விசுவாசம் இல்லையா?”

இரண்டும் இல்லை என்பதுதான் என் பதில். இந்த ஆட்டத்தின் விதிகள் நாற்றங்கால் போடுகிறவரை விட நாற்றை வாங்கி நடுகிறவருக்கே வசதியாக அமைந்திருக்கின்றன. ஒரு கிளப் எவ்வளவு நன்றாகப் பையன்களை வளர்க்கிறதோ, அவ்வளவு பேரை அது இழந்தே ஆக வேண்டும். பதினைந்து ஆண்டுகளாக ஒரு ஜூனியர் கிளப்பில் சனிக்கிழமை காலைகளில் தண்ணீர்க் குப்பி தூக்கி, ஆரஞ்சு வெட்டிக் கொடுத்து, பையன்களுக்கு டேக்கிள் பழக்கிக்கொண்டு இருப்பவன் நான். எனக்குப் பிடித்த விஷயம் என்பதால் பதில் கொஞ்சம் நீளமாகவே இருக்கும்.

முதலில் ஒரு தெளிவு. நம்மில் பலருக்கு ரக்பி என்றால் கண்டியிலும் கொழும்புப் பள்ளிகளிலும் ஆடுவது நினைவுக்கு வரும். அது பக்கத்துக்குப் 15 பேர் ஆடும் ரக்பி யூனியன். நாம் இங்கே பேசுவது 13 பேர் ஆடும் ரக்பி லீக். 1895-இல் வட இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டில் 22 கிளப்புகள் கூடிப் பிரிந்து வந்ததில் தொடங்கியது இது. பிரிந்த காரணமும் சம்பளம்தான். சனிக்கிழமை ஆட வந்ததால் சுரங்கத்திலும் ஆலையிலும் கூலியை இழந்த தொழிலாளிக்கு அந்தக் கூலியையாவது கொடுக்க வேண்டும் என்றார்கள், தலைமைச் சங்கம் மறுத்தது, பிரிந்தார்கள். 1908-இல் சிட்னியில் இதன் போட்டித் தொடர் தொடங்கியது. ஆடுகிறவனுக்கு உழைப்பின் விலை கிடைக்க வேண்டும் என்ற எண்ணம் இந்த ஆட்டத்தின் பிறப்பிலேயே இருக்கிறது. அதனால் ஒரு பையன் கூடுதல் பணத்துக்குப் போகிறான் என்றால் எனக்கு அவன்மேல் கோபம் வருவதில்லை.

சிட்னியில் முன்பெல்லாம் ஒரு வீரர் எந்த வட்டாரத்தில் குடியிருக்கிறாரோ அந்த வட்டாரத்து அணிக்குத்தான் ஆட வேண்டும். அந்த விதி போன பிறகும், ஒப்பந்தம் முடிந்த வீரரைக் கிளப் தன் பட்டியலில் வைத்துக்கொண்டு போக விடாமல் தடுக்க முடிந்தது. வேறு கிளப்புக்குப் போக வேண்டுமானால் அந்தக் கிளப் இதற்கு விலை கொடுக்க வேண்டும். பால்மெயின் கிளப்பின் டென்னிஸ் டட்டி அதை எதிர்த்தார். 1969-இல் ஒரு பருவம் முழுக்க ஆடாமல் வெளியே உட்கார்ந்தார். அதே ஆண்டு பால்மெயின் கோப்பையை வென்றது. அவர் கையில் அந்தப் பதக்கம் இல்லை. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 1971-இல் அவர் பக்கம் தீர்ப்பு வந்தது: ஒருவர் தன் தொழிலைச் செய்யவிடாமல் தடுக்கும் இந்த ஏற்பாடு நியாயமற்றது என்று. இன்று லட்சக்கணக்கில் சம்பளம் வாங்கும் ஒவ்வொரு வீரரும் டட்டிக்குக் கடன்பட்டவர் என்றே நினைக்கிறேன். அவருக்கு அதில் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை.

அதன் பிறகு 1991 பருவத்துக்காக ‘டிராஃப்ட்’ கொண்டுவந்தார்கள். கடைசி இடத்து அணி முதலில் தேர்ந்தெடுக்கும், வீரர் போயாக வேண்டும் என்ற முறை. சவுத் சிட்னியில் ஆடிய டெரி ஹில் வெஸ்டர்ன் சபர்ப்ஸுக்குப் போக விரும்பினார். ஈஸ்டர்ன் சபர்ப்ஸ் அவரைத் தேர்ந்தெடுத்துவிட்டது. வழக்கு நடந்தது. கூட்டாட்சி நீதிமன்றத்தின் முழு அமர்வு அதே ஆண்டில் டிராஃப்ட் செல்லாது என்றது. ஆக, பிடித்துவைக்கும் வழி 1971-இல் அடைபட்டது, ஒதுக்கித் தரும் வழி 1991-இல் அடைபட்டது. மிஞ்சியது ஒன்றே ஒன்று: 1990-இல் வந்த சம்பள உச்சவரம்பு. அணிகளைச் சமமாக வைத்திருக்கும் முழுச் சுமையும் இன்று அதன் தலையில்தான் இருக்கிறது.

இப்போது உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன்.

ஆஸ்திரேலியாவின் உச்சப் போட்டித் தொடரான என்ஆர்எல்-இல் (தேசிய ரக்பி லீக்) ஆடும் கிளப் ஒன்று தன் முதல் 30 வீரர்களுக்குச் செலவிடக்கூடிய தொகை ஆண்டுக்குச் சுமார் 1.2 கோடி ஆஸ்திரேலிய டாலர். சராசரியாகத் தலைக்கு 4 லட்சம். ஆனால் யாரும் சராசரியில் வாழ்வதில்லை. ஆட்டத்தை வழிநடத்தும் முன்னணி ஹாஃப்பேக் ஒருவருக்குப் பத்து லட்சத்துக்கு மேல் போய்விடும். உதாரணத்துக்கு ஒரு கணக்கு போடுவோம். ஒரே ஆண்டில் உங்கள் நாற்றங்காலிலிருந்து ஆறு பையன்கள் முதல் தர அணிக்கு வருகிறார்கள். முதலில் ஆளுக்கு ஒன்றரை லட்சம். மொத்தம் 9 லட்சம், தாங்கிக்கொள்ளலாம். மூன்று ஆண்டு கழித்து அணி கோப்பை வெல்கிறது. இப்போது அந்த ஆறு பேரின் சந்தை விலை ஆளுக்கு 6 லட்சம். மொத்தம் 36 லட்சம். உச்சவரம்பு மட்டும் அதே இடத்தில் நிற்கிறது. அந்த 27 லட்சத்தை எங்கிருந்து எடுப்பது? இரண்டு மூன்று பேரை விட்டாக வேண்டும். அவர்களை எட்டு வயதிலிருந்து நீங்கள் வளர்த்தீர்களா, நேற்று வாங்கினீர்களா என்று உச்சவரம்பு பார்ப்பதில்லை. உள்ளூரில் வளர்ந்தவர்களுக்கும் நீண்ட காலம் ஆடியவர்களுக்கும் சிறு சலுகை உண்டு. ஒரு நட்சத்திர வீரரைத் தக்கவைக்க அது போதாது.

மீறலாமே என்றால், மீறியவர்கள் பட்டபாடு எல்லோருக்கும் தெரியும். 2002-இல் கான்டர்பரி புல்டாக்ஸ் 37 புள்ளிகளை இழந்தது. 2010-இல் மெல்பர்ன் ஸ்டார்மிடமிருந்து 2007, 2009 கோப்பைகளையே பறித்தார்கள். 2016-இல் பாரமட்டா 12 புள்ளிகளை இழந்தது. ஸ்டார்ம் விஷயத்தில் நான் அடிக்கடி யோசிப்பது உண்டு. கேமரன் ஸ்மித், பில்லி ஸ்லேட்டர், கூப்பர் குரோங்க் மூவரையும் இளம் வயதில் குயின்ஸ்லாந்திலிருந்து அடையாளம் கண்டு ஆளாக்கியது அந்தக் கிளப். ஆளான பிறகு மூவரையும் ஒன்றாக வைத்துக்கொள்ள விதிக்குள் வழி போதவில்லை. செய்தது தவறு, தண்டனையும் சரி. ஆனால் அந்தத் தவறின் வேர் என்ன என்று பார்த்தால் நீங்கள் கேட்ட கேள்வியில்தான் வந்து நிற்கும்.

பென்ரித் பேந்தர்ஸைப் பாருங்கள். இதைவிடத் தெளிவான பாடம் எங்கும் கிடையாது. சிட்னியின் மேற்கு விளிம்பில், மவுன்ட் ட்ரூயிட்டிலிருந்து நீலமலை வரை பரந்த வட்டாரம். நாட்டிலேயே மிகப் பெரிய ஜூனியர் களங்களில் ஒன்று. அதற்கும் அப்பால் பாதர்ஸ்ட், டப்போ என்று உள்நாட்டு ஊர்களிலும் வேர் விட்டிருக்கிறார்கள். 2016-இல் சொந்த அகாடமி திறந்தார்கள். 2021 முதல் 2024 வரை நான்கு கோப்பைகள் தொடர்ந்து. செயின்ட் ஜார்ஜ் 1956 முதல் 1966 வரை 11 கோப்பைகளைத் தொடர்ச்சியாக வென்றதற்குப் பிறகு நான்கைத் தொட்டவர்கள் யாரும் இல்லை.

அந்த நான்கு ஆண்டுகளில் யார் யார் போனார்கள் என்று எண்ணிப் பாருங்கள். 2021 முடிந்ததும் மேட் பர்ட்டன் புல்டாக்ஸுக்கு, கர்ட் கேப்வெல் பிரிஸ்பேனுக்கு. 2022 முடிந்ததும் விலியாமே கிக்காவ் புல்டாக்ஸுக்கு, ஆபி கொரொயிசாவ் வெஸ்ட்ஸ் டைகர்ஸுக்கு. 2023 முடிந்ததும் ஸ்டீஃபன் கிரைட்டன் புல்டாக்ஸுக்கு, ஸ்பென்சர் லெனியு ரூஸ்டர்ஸுக்கு. 2024 முடிந்ததும் ஜரோம் லுவாய், சுனியா துருவா இருவரும் டைகர்ஸுக்கு, ஜேம்ஸ் ஃபிஷர்-ஹாரிஸ் நியூசிலாந்து வாரியர்ஸுக்கு. ஒவ்வொரு கோப்பைக்கும் இரண்டு மூன்று வீரர்களை விலையாகக் கொடுத்திருக்கிறார்கள்.

இவர்கள் போன காரணங்கள் ஒன்றுபோல் இல்லை. அதைக் கவனிக்க வேண்டும். பர்ட்டன் டப்போவைச் சேர்ந்தவர், இயல்பாகவே ஹாஃப் ஆட்டக்காரர், அதாவது ஆட்டத்தை இயக்கும் இருவரில் ஒருவராக ஆடுபவர். ஆனால் பென்ரித்தில் அந்த இரண்டு இடங்களிலும் நேதன் கிளியரியும் லுவாயும் இருந்தார்கள். அவர் சென்டராக ஆடி, 2021-இன் சிறந்த சென்டர் என்று பேர் வாங்கி, அப்புறம் தன் இடத்தைத் தேடிப் போனார். அவருக்குக் கூடக் கொஞ்சம் பணம் கொடுத்திருந்தால் இருந்திருப்பார் என்று என்னால் சொல்ல முடியாது. லுவாய் மவுன்ட் ட்ரூயிட் பக்கத்துப் பையன், உள்ளும் புறமும் பென்ரித்காரர். டைகர்ஸ் அவருக்கு ஐந்து ஆண்டு ஒப்பந்தம் கொடுத்தது; ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் என்று பத்திரிகைகள் எழுதின. கிளியரிக்குப் பக்கத்தில் இரண்டாமவராக இருந்தவருக்கு ஓர் அணியையே நடத்தும் பொறுப்பும் கிடைத்தது. பென்ரித் அந்தத் தொகைக்கு அருகில் போயிருந்தால் வேறு இருவரை விட வேண்டியிருக்கும். ஃபிஷர்-ஹாரிஸ் கதை வேறு. நியூசிலாந்தின் வடகோடியிலிருந்து பதின்ம வயதில் வந்தவர். குடும்பத்தோடு சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்று கேட்டார். ஒப்பந்தம் பாக்கி இருந்தும் கிளப் விட்டுக்கொடுத்தது. அதை இழப்பு என்று நான் எழுத மாட்டேன்.

பென்ரித் இதைத் தாங்கியது எப்படி? யாரை விடவே கூடாது என்பதில் அவர்களுக்குக் குழப்பம் இல்லை. கிளியரி, கடைசிக் காவலான ஃபுல்பேக் இடத்தில் டிலன் எட்வர்ட்ஸ், தலைவர் ஐசாயா இயோ, லியம் மார்ட்டின், பிரையன் டோஓ ஆகியோரைச் சுற்றி மற்ற எல்லாவற்றையும் அமைத்துக்கொண்டார்கள். மீதி இடங்களில் போகிறவருக்கு அடுத்தவர் ஏற்கெனவே அணிக்குள் இருப்பார். பதினேழு வயது அணியிலிருந்து முதல் தர அணி வரை ஒரே ஆட்ட முறை, ஒரே சைகைகள், ஒரே சொற்கள். அதனால் கீழேயிருந்து வருகிறவர் புதிதாகக் கற்றுக்கொள்ள அதிகம் இருப்பதில்லை. குறுவை அறுத்த கையோடு தாளடிக்கு நாற்று தயாராக இருப்பது போல. 2025-இலும், அத்தனை பேர் போன பிறகும், இறுதிப் போட்டிக்கு ஒரே ஒரு ஆட்டம் குறைவாகத்தான் நின்றார்கள்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. பென்ரித்தின் வளர்ப்பு அமைப்பைக் கட்டியவர்களில் முக்கியமானவர் ஃபில் கூல்ட். 2011 முதல் 2019 வரை அங்கே பொது மேலாளர். 2021-இல் அவர் புல்டாக்ஸுக்குப் பொறுப்பேற்றார். அதன் பிறகு கிக்காவும் கிரைட்டனும் புல்டாக்ஸுக்கு வந்தார்கள். பென்ரித்தின் துணைப் பயிற்சியாளர் கேமரன் சிரால்டோ அங்கே தலைமைப் பயிற்சியாளர் ஆனார். எந்த மரத்தில் எந்தக் கிளை காய்க்கும் என்று அறிந்தவர் வந்து பறிக்கும்போது தடுப்பது கடினம். பென்ரித்தும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. புல்டாக்ஸ் வளர்த்த பால் அலாமோட்டியைக் கொண்டுவந்தார்கள். 2024 இறுதிப் போட்டியில் அவர் ஆடினார். பாரமட்டாவில் 2024-இல் அறிமுகமான பிளேஸ் தலாகி அடுத்த ஆண்டே பென்ரித் சட்டையில் இருந்தார். அந்தப் பருவம் பாரமட்டா ஈத்தன் சாண்டர்ஸையும் கான்பெராவுக்கு இழந்தது. நான் இருப்பது பாரமட்டா பக்கம். எங்கள் மைதானத்தில் அது பற்றிப் பேசாத சனிக்கிழமை இல்லை.

இப்போது வெஸ்ட்ஸ் டைகர்ஸ். இவர்களைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இவர்கள் இழந்தது கோப்பை வென்றதால் அல்ல. பால்மெயினும் வெஸ்டர்ன் சபர்ப்ஸும் இணைந்து 2000-இல் ஆடத் தொடங்கிய கிளப் இது. தென்மேற்கு சிட்னியின் கேம்பல்டவுன், கேம்டன் பகுதி முழுக்க இவர்கள் நாற்றங்கால். பையன்களுக்குப் பஞ்சமே இல்லை. 2017-இல் நான்கு பேரின் ஒப்பந்தம் ஒரே நேரத்தில் முடிய இருந்தது: ஜேம்ஸ் டெடெஸ்கோ, மிட்செல் மோசஸ், ஏரன் வுட்ஸ், லூக் புரூக்ஸ். நால்வருமே உள்ளே வளர்ந்தவர்கள். மோசஸ் பருவத்தின் நடுவிலேயே பாரமட்டாவுக்குப் போனார். டெடெஸ்கோ ரூஸ்டர்ஸுக்கும் வுட்ஸ் புல்டாக்ஸுக்கும் போனார்கள். புரூக்ஸ் மட்டும் இருந்தார். டெடெஸ்கோ அடுத்த இரண்டு ஆண்டும், 2018-இலும் 2019-இலும், கோப்பை வென்றார். 2019-இல் ஆண்டின் சிறந்த வீரர் விருதும் வாங்கினார். இவர்கள் போவதற்கு ஓர் ஆண்டு முன்பே ஜாஷ் அடோ-கார் ஒரு சில ஆட்டங்களோடு டைகர்ஸை விட்டு மெல்பர்னுக்குப் போய், 2017 கோப்பை வென்ற அணியில் விங்கராக நின்றார்.

நான்கு ஒப்பந்தங்களை ஒரே ஆண்டில் முடியும்படி விட்டது நிர்வாகப் பிழை. அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் அதைவிட ஆழமான காரணம் ஒன்று இருந்தது. பயிற்சியாளர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொருவர் வரும்போதும் ‘இனி புதிதாகத் தொடங்குவோம்’ என்ற பேச்சு. இருபத்து மூன்று வயதுப் பையன் அந்தப் பேச்சை மூன்றாவது முறை கேட்கும்போது என்ன நினைப்பான்? பத்து ஆண்டுதான் அவன் ஆட முடியும். அதில் நான்கு போய்விட்டது. பணம் ஒரே அளவு என்றால் அவன் நம்பிக்கை தரும் இடத்துக்குப் போவான். பணம் கொஞ்சம் குறைந்தாலும்கூடப் போவான்.

எட்டு ஆண்டு கழித்து அதே கிளப்பில் லாக்லன் கால்வின். பதினெட்டு வயதில் 2024-இல் அறிமுகமாகி, முதல் பருவத்திலேயே எல்லோரும் பார்க்கும் ஆட்டக்காரர் ஆனார். 2025 ஏப்ரலில், 2026 வரை இருக்கும் ஒப்பந்தத்துக்கு மேல் நீட்டிக்கப் போவதில்லை என்று கிளப்பிடம் சொன்னார். சக வீரர்கள் சிலர் சமூக வலைத்தளங்களில் தங்கள் வருத்தத்தைக் காட்டினார்கள். சில வாரங்களில், ஜூன் தொடக்கத்துக்குள், அவர் புல்டாக்ஸில் இருந்தார். அப்போது அவருக்கு ஏறத்தாழ இருபது வயதுதான். அந்த வயதுப் பையனைப் பற்றி நாடே தீர்ப்பு சொன்னதைப் பார்த்து எனக்குச் சங்கடமாக இருந்தது. டைகர்ஸ் 2022, 2023, 2024 மூன்று ஆண்டும் கடைசி இடத்தில் முடித்த அணி. 2011-க்குப் பிறகு இறுதிச் சுற்றுகளைப் பார்க்கவில்லை. அங்கே தன் வளர்ச்சி நடக்காது என்று ஒருவன் நினைத்தால் அதை விசுவாசக் குறைவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதே சமயம், அவனுக்காக எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்த கிளப்பின் வருத்தத்தையும் என்னால் உணர முடிகிறது.

இந்தச் சிக்கலை இன்னும் மோசமாக்கும் விதி ஒன்று இருக்கிறது. ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டுக்குள் நுழையும் வீரரோடு, அதற்கு முந்தைய நவம்பர் 1-ஆம் தேதியிலிருந்தே மற்றக் கிளப்புகள் பேசலாம். அதாவது ஒருவர் அடுத்த ஆண்டு வேறு அணிக்குப் போகிறார் என்று ஊருக்கே தெரிந்த பிறகு, இந்த அணியில் ஒரு முழுப் பருவம் ஆடுகிறார். லுவாய் அப்படித்தான் 2024 முழுக்க ஆடி, கோப்பையும் வென்று போனார். அது அவர் குணம், அந்த அணியின் குணம். எல்லா இடத்திலும் அப்படி நடக்காது. பதினேழு வயதுப் பையன்கள் இதைப் பார்த்து வளர்கிறார்கள்.

சரி, பையன்கள் பக்கத்துக்கு வருவோம். இங்கே சிட்னியில் பதினேழு வயதுக்குக் கீழ் ஹெரால்ட் மேத்யூஸ் கோப்பை, பத்தொன்பதுக்குக் கீழ் எஸ்.ஜி. பால் கோப்பை, இருபத்தொன்றுக்குக் கீழ் ஜெர்சி ஃபிளெக் கோப்பை என்று படிகள் இருக்கின்றன. 2008 முதல் 2017 வரை இருபது வயதுக்குக் கீழ் தேசிய அளவில் தொலைக்காட்சியில் காட்டும் போட்டியும் இருந்தது. அதை நிறுத்தியபோது பலர் வருத்தப்பட்டார்கள், எனக்கு நிம்மதி. பதினெட்டு வயதில் ஊர் ஊராக விமானத்தில் பறந்து, தொலைக்காட்சியில் முகம் தெரிந்து, பிறகு முதல் தர அணியில் இடம் இல்லாமல் போன பையன்களின் மனநிலையை நான் அருகில் இருந்து பார்த்திருக்கிறேன்.

என்ஆர்எல் வீரர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் பசிபிக் தீவு வம்சாவளியினர். சமோவா, டோங்கா, ஃபிஜி, மாவோரி குடும்பங்கள். மவுன்ட் ட்ரூயிட்டிலும் கேம்பல்டவுனிலும் அந்தக் குடும்பங்களின் வீட்டுக்குள் போயிருந்தால் ஒரு விஷயம் உடனே புரியும். மகனின் சம்பளம் மகனுடையது மட்டும் அல்ல. அப்பா கிடங்கில் இரவு வேலை, அம்மா முதியோர் இல்லத்தில் வேலை, கூடவே தீவில் இருக்கும் பாட்டிக்கும் மாதா மாதம் பணம், தேவாலயத்துக்கு ஒரு பங்கு. மூத்த பிள்ளை வேலைக்குப் போனதும் வீட்டுக்கடனை ஏற்றுக்கொள்வது நமக்குப் புதிதா என்ன? அந்தப் பையனிடம் ஒரு கிளப் ஆண்டுக்கு 80 ஆயிரம் கூடத் தருகிறேன் என்றால் அவன் யோசிப்பது ஸ்டேடியத்தை அல்ல, அம்மாவின் இரவு வேலையை. இதை ஏஜென்ட்டின் பேராசை என்று சுருக்குவது சரியல்ல. மோசமான ஏஜென்ட்கள் உண்டு. ஆனால் நல்லவர்களும் சொல்வது ஒன்றைத்தான்: முழங்கால் ஒரு முறை திரும்பினால் எல்லாம் முடிந்தது, கிடைக்கும்போது வாங்கிக்கொள்.

நான் பயிற்சி கொடுத்த ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். பதினான்கு வயதில் அவனைப் போல் ஆட்டத்தைப் படிக்கத் தெரிந்தவன் எங்கள் வட்டாரத்தில் இல்லை. உடம்புதான் சின்னது. மற்றப் பையன்களுக்கு மீசை அரும்பியபோது இவனுக்குக் குரல்கூட உடையவில்லை. வட்டாரத் தேர்வு அணியில் இரண்டு ஆண்டு தொடர்ந்து கடைசி நாளில் அவன் பெயரை நீக்கினார்கள். அவன் அப்பா ஒரு வார்த்தையும் பேசாமல் காரில் ஏற்றிக்கொண்டு போனார். பதினேழில் விறுவிறு என்று வளர்ந்தான். நகரின் மறுபக்கத்துக் கிளப் ஒன்று அவனைப் பார்த்து எடுத்துக்கொண்டது. அப்போது எங்கள் பெரிய கிளப்பில் ஒருவர் என்னிடம் கேட்டார், “இவனை எப்படி விட்டோம்?” என்று. விட்டோம், அவ்வளவுதான். தக்கவைப்பது என்றால் எல்லோரும் இருபத்திரண்டு வயது ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். பாதி இழப்பு பதினைந்து வயதில், சீக்கிரம் பருத்த பையனைத் திறமைசாலி என்று நம்பும் இடத்தில் நடந்துவிடுகிறது.

இன்னொரு பக்கம் ரக்பி யூனியன் இழுக்கிறது. ஜோசஃப்-அவுகுசோ சுவாலீ சவுத் சிட்னியின் வளர்ப்பில் இருந்தவர், ரூஸ்டர்ஸ் கொண்டுபோனது, பதினெட்டு நிறையும் முன்பே ஆடச் சிறப்பு அனுமதி கிடைத்து 2021-இல் அறிமுகமானார். 2023-இல் யூனியன் அவரை ஒப்பந்தம் செய்தது, 2024 நவம்பரில் ஆஸ்திரேலியாவுக்காக லண்டனின் ட்விக்கன்ஹாம் மைதானத்தில் இறங்கினார். ஆக, வளர்த்த கிளப்புக்கும் இல்லை, வாங்கிய கிளப்புக்கும் நெடுநாள் இல்லை.

இங்கிலாந்தில் நிலை இன்னும் கடினம். சூப்பர் லீக் கிளப்பின் உச்சவரம்பு 21 லட்சம் பவுண்ட். ஆஸ்திரேலியக் கிளப்பின் தொகையைப் பவுண்டில் மாற்றிப் பார்த்தால் அதைப் போல் இரண்டரை மடங்குக்கும் மேல். டொம் யங் ஹடர்ஸ்ஃபீல்டிலிருந்து பத்தொன்பது வயதில் நியூகாசில் நைட்ஸுக்கு வந்தார். ஹெர்பி ஃபார்ன்வொர்த் சூப்பர் லீக்கில் ஓர் ஆட்டம்கூட ஆடாமலே பிரிஸ்பேனுக்கு வந்துவிட்டார். விகனிலிருந்து கை பியர்ஸ்-பால், மார்கன் ஸ்மித்திஸ் இருவரும் 2024-இல் வந்தார்கள். வந்த எல்லோருக்கும் வாழ்வு மலர்ந்துவிடவில்லை. வில் பிரைஸ் ஓர் ஆண்டில் திரும்பி ஹல் கிளப்புக்குப் போனார். அங்கே கிளப்புகளுக்கு மாற்றுக் கட்டணமாவது ஓரளவு கிடைக்கிறது. அதை வைத்து அகாடமியை நடத்துகிறார்கள். அந்த ஓர் அம்சத்தில் அவர்கள் ஏற்பாடு இங்கே உள்ளதைவிட நியாயமானது என்பது என் கருத்து.

வரும் ஆண்டுகளில் போட்டி கூடத்தான் செய்யும். 2023-இல் பதினேழாவது கிளப்பாக டால்ஃபின்ஸ் வந்தது. பென்ரித்தின் இளைஞர் அமைப்பில் இருந்த ஐசையா கட்டோவா பத்தொன்பது வயதில் அங்கே முதல் தர அணியில் ஹாஃப் ஆனார். 2027-இல் பெர்த் பேர்ஸ், 2028-இல் பாப்புவா நியூ கினியிலிருந்து ஓர் அணி. இரண்டு அணிக்கும் தலா 30 என்றால் 60 பேர் வேண்டும். அதில் பெரும்பகுதி எங்கிருந்து வரும்? மேற்கு சிட்னி, குயின்ஸ்லாந்து, ஆக்லாந்து ஆகிய மூன்று நாற்றங்கால்களில் இருந்துதான். பாப்புவா அணியில் சேருகிறவர்களுக்கு வருமான வரிச் சலுகையும் உண்டு.

என்ன செய்யலாம்? டிராஃப்ட் வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். எனக்கு உடன்பாடு இல்லை. டிராஃப்ட் வந்தால் எந்தக் கிளப்பும் பத்து வயதுப் பையனுக்காகச் செலவு செய்யாது. யாருக்கோ போகப் போகிறவனுக்கு எதற்கு அகாடமி? கேம்பல்டவுன் பையனைப் பதினெட்டு வயதில் குடும்பத்தைப் பிரித்து டவுன்ஸ்வில்லுக்கு அனுப்புவதும் எனக்குச் சரியாகப் படவில்லை.

நவம்பர் 1 விதியை மாற்றி, பருவம் முடிந்த பிறகு மட்டும் பேசலாம் என்று ஆக்குவது எளிது. வீரர்கள் சங்கம் தயங்குவதற்கும் காரணம் இருக்கிறது: பருவத்தின் நடுவில் காயம் பட்டவனுக்கு அடுத்த ஆண்டு வேலை உறுதியாக வேண்டாமா? அதனால் ஜூலை, ஆகஸ்ட் போல ஒரு குறுகிய காலத்தைத் திறந்துவிடுவது நடுவழி.

உச்சவரம்பில் உள்ளூர்ப் பையன்களுக்குக் கழிவு கொடுப்பதுதான் நான் உறுதியாக ஆதரிக்கும் மாற்றம். பதினைந்து வயதுக்கு முன்பே கிளப்பின் வட்டாரத்தில் இருந்து, ஐந்து பருவம் முதல் தர அணியில் ஆடியவர் என்றால் அவர் சம்பளத்தில் நான்கில் மூன்று பங்கை மட்டும் கணக்கில் எடுக்கலாம். எட்டுப் பருவம் என்றால் பாதி. பென்ரித் வெல்லவே முடியாத அணியாகிவிடும் என்பது எதிர்வாதம். ரூஸ்டர்ஸின் ஜூனியர் வட்டாரம் சின்னது, மெல்பர்னுக்கு உள்ளூர் வட்டாரமே கிட்டத்தட்ட இல்லை, அவர்கள் என்ன செய்வார்கள் என்பது இன்னொன்று. இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால் இன்றைய ஏற்பாட்டில் யார் நஷ்டப்படுகிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். மெல்பர்ன் வேண்டுமானால் சன்ஷைன் கோஸ்டில் ஒரு வட்டாரத்தைத் தத்தெடுத்துக்கொள்ளட்டும்; பத்து வயதிலிருந்து செலவு செய்யட்டும். அங்கே வளரும் பையனுக்கும் அந்தக் கழிவு செல்லும் என்று எழுதிவிடலாம். பையன்களை வளர்க்கும் இடங்கள் அதனால் கூடுமே தவிரக் குறையாது.

விதி மாறும்வரை கிளப் செய்யக்கூடியது பயிற்சியாளரை அடிக்கடி மாற்றாமல் இருப்பது, முக்கியமான ஒப்பந்தங்கள் ஒரே ஆண்டில் முடியாமல் பார்த்துக்கொள்வது, பையனிடம் உண்மையைச் சொல்வது. “உனக்கு முன்னால் இருவர் இருக்கிறார்கள், இரண்டு ஆண்டு ஆகும், அதற்குள் ரிசர்வ் அணியில் இத்தனை ஆட்டம்” என்று தெளிவாகச் சொன்னால் பல பையன்கள் காத்திருப்பார்கள். நான் பார்த்த வரையில் கோபத்தோடு போனவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு பொய்யைக் கேட்டவர்கள்.

கடைசியாக, யாரும் பேசாத கிளப் ஒன்று இருக்கிறது. பையன் ஆறு வயதில் முதல் முதலாகப் பூட்ஸ் மாட்டிய இடம். கால்பந்தில் ஒரு வீரர் பணத்துக்கு மாறும்போது அந்தத் தொகையில் 5 விழுக்காடு அவரைச் சிறு வயதில் பயிற்றுவித்த கிளப்புகளுக்குப் பிரிந்து போகிறது. ரக்பி லீக்கில் மாறும் ஒவ்வொரு முறையும் தானாக வந்து சேரும் அப்படி ஒரு பங்கு கிடையாது. ஆண்டுக்கு 5 லட்சம் டாலர் ஒப்பந்தத்தில் நூற்றுக்கு ஒன்று என்று வைத்தாலும் 5,000 டாலர். வாங்குகிற கிளப் கொடுக்கட்டும், வீரரின் சம்பளத்தில் பிடிக்க வேண்டாம். எங்களைப் போன்ற கிளப்புக்கு அது இரண்டு அணிகளின் சட்டைக்கும், பயிற்சி மெத்தைகளுக்கும், பதிவுக் கட்டணம் கட்ட முடியாத சில பிள்ளைகளுக்கும் போதும். இந்த ஆண்டு ஒன்பது வயதுப் பிரிவில் அப்படி நான்கு பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கான பணத்தை இப்போதைக்கு ஸாஸேஜ் விற்றுத்தான் சேர்க்கிறோம்.